அறைக்கும் மூச்சு வேண்டும்

சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கம் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டுக்கொண்டிருக்கிறார், வெளியிடவில்லை. ஆனால் விஷயம் அவர் ஒருவருக்கு மட்டும் உரியதல்ல. சேலத்திலும் ராசிபுரத்திலும் நாமக்கல்லிலும் மாடியில் ஓர் அறை சும்மா கிடக்கும் வீடுகள் எத்தனையோ! 'அதில் காளான் போட்டால் என்ன?' என்று நினைக்காத பெண்கள் குறைவு. ஆகவே இந்த வாரம் முழுப் பகுதியையும் அவருக்கே கொடுத்துவிடுகிறேன்.

கடிதத்தின் சுருக்கம் இது: மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறை, முன்பு தறிச் சாமான்கள் கிடந்த இடம். மகளிர் குழுவில் கடன் வாங்கி, பயிற்சிக்கும் போய்வந்து, நவம்பரில் சிப்பிக் காளான் படுக்கைகள் கட்டித் தொங்கவிட்டார். டிசம்பர், ஜனவரியில் தட்டுத் தட்டாகப் பூத்தது. தெருவிலேயே விற்றுப்போயிற்று. கடனில் இரண்டு தவணையும் கட்டியாயிற்று. மார்ச் பிறந்ததும் வந்தது சோதனை. காளான் காம்பு நீண்டு, தலை சட்டைப் பொத்தான் அளவுக்குச் சிறுத்து, குடைக்குச்சி மாதிரி வளர்ந்தது. 'அனல் காற்று உள்ளே வருகிறது, அதனால்தான்' என்று ஜன்னல்களை அடைத்தார். தண்ணீரை இன்னும் இரண்டு வேளை கூட்டித் தெளித்தார். ஏப்ரலில் படுக்கைகளில் பச்சைப் பூசணம் படர்ந்துவிட்டது. வீட்டுக்காரர், "ஏ.ஸி. மாட்டு, இல்லையென்றால் கடையைக் கட்டு" என்கிறார். மாமியார் சாயந்தரமானால் இருமுகிறார். அந்த அறைதான் காரணம் என்று அவருக்குச் சந்தேகம். "நான் எங்கே தவறினேன்? விட்டுவிடட்டுமா?" என்று முடிகிறது கடிதம்.

விட வேண்டாம் சகோதரி. ஏ.ஸி.யும் வேண்டாம். ஆனால் மாமியாரின் சந்தேகத்தை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள்; அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். காளானைச் செடி என்று நினைத்து வளர்த்தால் கஷ்டம்தான். அது பச்சையம் இல்லாத பூசண ஜாதி. நம்மைப் போலவே பிராணவாயுவை இழுத்துக்கொண்டு கரியமில வாயுவை வெளியே விடுகிறது. நம்மைப் போலவே உஷ்ணமும் வெளியிடுகிறது. வைக்கோலுக்குள் வெள்ளை இழை பரவும் அந்த இரண்டு மூன்று வாரமும் படுக்கையின் நடுப்பாகம் அறையைவிடச் சில டிகிரி கூடுதலாகவே இருக்கும். உளுந்துமாவு பொங்கும்போது பாத்திரத்தின் நடுவில் கையை வைத்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. இருபது படுக்கைகளை நெருக்கித் தொங்கவிட்டுக் கதவைச் சாத்தினால், ஒரு கல்யாணக் கூட்டத்தை ஓர் அறையில் போட்டு அடைத்த கதைதான். படுக்கைக்குப் படுக்கை ஒரு சாண் இடைவெளியாவது விடுங்கள். சுவரோடு ஒட்டவும் வேண்டாம்.

குடைக்குச்சிக் காளான் வந்ததே, அது அனல் காற்றின் வேலை அல்ல. காற்று போதாமையின் வேலை. வெளிக்காற்றில் இந்நாளில் பத்து லட்சம் பங்குக்குச் சுமார் 420 பங்கு கரியமில வாயு இருக்கிறது. அடைத்த அறையில் அது ஆயிரத்தைத் தாண்டி ஏறினால், சிப்பிக் காளான் காம்பை நீட்டிக்கொண்டு நல்ல காற்றைத் தேடிப் புறப்படும்; தலை விரியாது. இதை அளக்கக் கருவி வாங்கிச் செலவழிக்க வேண்டியதில்லை. காளானே கருவி! காம்பு குட்டை, தலை அகலம் என்றால் காற்று போதும். காம்பு நீளம், தலை சிறிது என்றால் ஜன்னலைத் திறக்க வேண்டும். உங்கள் காளான் மார்ச் மாதத்திலேயே அதைச் சொல்லிவிட்டது. நீங்கள் அதற்கு நேர் எதிராகச் செய்தீர்கள். அதிலும் ஒரு நியாயம் இருந்தது, மறுக்கவில்லை. திறந்தால் காய்கிறது, மூடினால் மூச்சு முட்டுகிறது. சமவெளியில் காளான் வளர்க்கிறவர்களின் வம்பெல்லாம் இந்த ஒரு முடிச்சில்தான் இருக்கிறது.

சிப்பிக் காளானுக்கு இழை பரவும்போது 25 முதல் 28 டிகிரி, பூக்கும்போது 23 முதல் 25 டிகிரி, காற்றில் ஈரம் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் என்று கணக்குச் சொல்கிறார்கள். சேலத்து டிசம்பர் இரவுக்கு இது இயல்பாகவே அமைந்துவிடுகிறது. ஏப்ரல் பகலில் வெளியே 38, 39 டிகிரி. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அதற்கும் மேல்.

இனி ஒரு சின்னப் பரீட்சை செய்து பாருங்கள். சுவரில் மாட்டும் சாதாரண உஷ்ணமானி ஒன்று வாங்குங்கள் (ஜுரம் பார்க்கும் உஷ்ணமானி இதற்கு உதவாது, அலமாரியில் இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள்). முதலில் அப்படியே பாருங்கள். பிறகு அதன் குமிழில் நனைத்த மல் துணியைச் சுற்றி, மின்விசிறிக்கு எதிரில் ஐந்து நிமிஷம் பிடித்துப் பாருங்கள். இரண்டாவது எண் குறைவாக இருக்கும். மண்பானைத் தண்ணீர் எதனால் குளிர்கிறதோ அதே காரணம்தான். ஈரம் காயும்போது உஷ்ணத்தை எடுத்துக்கொண்டு போகிறது. இந்த இரண்டாவது எண்ணுக்குக் கீழே உங்கள் அறையை ஈரச் சாக்கு எதனாலும் கொண்டுபோக முடியாது. அதுதான் எல்லைக்கோடு.

இந்த எல்லைக்கோடு நாளுக்கு நாள் மாறுகிறது என்பதில்தான் சூட்சுமம். ஏப்ரல் பிற்பகலில் 38 டிகிரி, காற்றில் ஈரம் நூற்றுக்கு முப்பது என்று வையுங்கள். நனைந்த துணி சுமார் 24 அல்லது 25 காட்டும். பதின்மூன்று டிகிரி லாபம்! செலவு ஒரு குடம் தண்ணீர். அதே அக்டோபரில், மழை பெய்து விட்டிருக்கும் புழுக்கமான நாளில், 32 டிகிரியும் ஈரம் எண்பதும் இருந்தால், நனைந்த துணி 29-க்குக் கீழே இறங்காது. அன்றைக்கு எத்தனை குடம் ஊற்றினாலும் குளிராது, புழுங்கும். ஆகவே தண்ணீர் தெளிப்பதற்குக் கடிகாரம் பார்ப்பதைவிட இந்த இரண்டு எண்களைப் பார்ப்பது புத்திசாலித்தனம். இரண்டுக்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் தண்ணீர் உதவும். சிறிதாக இருந்தால் தண்ணீரை நிறுத்தி, காற்றை மட்டும் ஓடவிடுங்கள்.

ஆனால் ஒன்று: மூடிய அறைக்குள் தெளிக்கும் தண்ணீர் சற்று நேரம்தான் குளிர்விக்கும். உள்ளே இருக்கும் காற்று ஈரத்தைக் குடித்து நிறைந்துபோனால் மேற்கொண்டு குடிக்காது. அப்போது அறை வேக வைத்த இட்லிப் பானைதான். பச்சைப் பூசணத்துக்கு அதைவிட நல்ல பிறந்தகம் கிடையாது. ஆகவே, ஈரச் சாக்கைச் சுவரிலும் தரையிலும் போடுவதோடு நிற்காமல், காற்று நுழையும் ஜன்னலிலேயே கட்டுங்கள். அனல் காற்று அந்தச் சாக்கின் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். வரும்போதே சூட்டை விட்டுவிட்டு ஈரத்தை எடுத்துக்கொண்டு வரும். திறந்தால் காய்கிறது, மூடினால் முட்டுகிறது என்ற முடிச்சு இங்கே அவிழ்ந்துவிடுகிறது பாருங்கள்.

வந்த காற்று போக வழியும் வேண்டும். சூடான காற்று மேலே ஏறும். ஆகவே எதிர்ச் சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே, ஒரு துவாரம். அங்கே சமையலறைகளில் வைக்கும் சின்ன வெளியேற்று விசிறி ஒன்று போதும். மணிக்குப் பத்து நிமிஷம் ஓடவிட்டு ஆரம்பியுங்கள். காளான் காம்பைப் பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள். மேஜை விசிறியைப் படுக்கைகளுக்கு நேரே திருப்பி வைக்காதீர்கள். கடுகளவு மொட்டுகள் ஒரு மணி நேரத்தில் கருகிவிடும். விசிறியின் சுவிட்ச் அறைக்கு வெளியே இருக்கட்டும். எந்நேரமும் ஈரமாக இருக்கும் அறை அது. மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டித்துக்கொள்ளும் கருவி வீட்டில் இல்லையென்றால், விசிறிக்கு முன் அதை வாங்குங்கள். இதில் சிக்கனம் கூடாது.

திறப்புகள் எல்லாவற்றுக்கும் நெருக்கமான நைலான் வலை அடிக்க வேண்டும். காளானுக்கென்றே சின்ன ஈக்கள் இருக்கின்றன. சாக்கை வாரம் ஒரு முறை வெந்நீரில் அலசிக் காயவிடுங்கள். போர்வெல் தண்ணீரின் உப்பு படிந்தால் சாக்கு அட்டைபோல் விறைத்துவிடும், காற்று நுழையாது.

கூரை விஷயத்துக்கு நாமக்கல்காரர்களைக் கேட்க வேண்டும். 1997-ல் தனி ஜில்லாவாகப் பிரியும்வரை நம்மோடு இருந்தவர்கள்தானே! கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சு வாங்குவதுதான் அதற்குத் தெரிந்த முக்கியமான வைத்தியம். ஆகவே கோடையில் கோழிகள் சாகாமல் காப்பதில் அவர்கள் கை தேர்ந்துவிட்டார்கள். பண்ணைக் கொட்டகையைக் கிழக்கு மேற்காக நீளவாட்டில் கட்டுவார்கள். காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கத்தில் மட்டும் அடித்துவிட்டுப் போகும். நீளப் பக்கங்களில் சுவருக்குப் பதில் கம்பி வலை. கூரைமேல் தென்னங்கீற்று, கடும் வெயிலில் அதன்மேல் தண்ணீர் தெளிப்பு. உச்சி வெயில் நேரத்தில் தீனி குறைவு, ஏனென்றால் செரிமானமும் உடம்பில் உஷ்ணத்தைக் கூட்டும். அங்கே 1985-ல் ஆரம்பமான கால்நடை மருத்துவக் கல்லூரி, பண்ணையாளருக்காக வானிலை முன்னறிவிப்பும் யோசனையும் வெளியிட்டுவருகிறது. காளான்காரர்களும் அதைப் படித்தால் நஷ்டமில்லை. கோழிக்கு ஆகாத நாள் காளானுக்கும் ஆகாது.

உங்கள் மாடி அறையைத் திருப்பிக் கட்ட முடியாது. கூரையைக் கவனிக்கலாம். ஆஸ்பெஸ்டாஸ் தகட்டைத் துளைக்கவோ அறுக்கவோ சுரண்டவோ வேண்டாம். அந்தத் தூசு நுரையீரலுக்குப் பொல்லாதது. வெளிப்புறம் கெட்டியாகச் சுண்ணாம்பு அடியுங்கள். சங்ககிரிப் பக்கம் சுண்ணாம்புக் கல் விளையும் ஊரில் இதற்கென்ன பஞ்சம்? அதன்மேல் காற்றுப் புகும்படி கொஞ்சம் உயர்த்தித் தென்னங்கீற்று வேயுங்கள். மேற்குச் சுவருக்கு வெளியே ஒரு கீற்றுத் தட்டி. காற்று வரும் ஜன்னலில் ஈரச் சாக்கு. காலை ஒன்பது மணியிலிருந்து சூரியன் சாயும்வரை, சாக்கு இல்லாத மற்ற ஜன்னல்கள் மூடியிருக்கட்டும். இரவு எட்டு மணிக்கு எல்லாவற்றையும் திறந்து விடுங்கள்; இரவுக் காற்று தரையையும் சுவரையும் ஆற்றிவைக்கும். தரையில் இரண்டு அங்குலம் ஆற்றுமணல் பரப்பி நனைத்து வைத்தால் பகலில் அது உதவும். மாடி தாங்குமா என்று கொத்தனாரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஏ.ஸி. ஏன் வேண்டாம் என்கிறேன் தெரியுமா? மின்சாரக் கட்டணம் ஒரு பக்கம் இருக்கட்டும். வீடுகளில் மாட்டும் ஏ.ஸி. வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. கரியமில வாயு அங்கேயே தங்கும். போதாததற்குக் காற்றிலுள்ள ஈரத்தையும் பிழிந்து குழாய் வழியாக வெளியே கொட்டிவிடும். ஆக, உஷ்ணம் குறையும். மற்ற இரண்டும் கெடும். மொட்டுக் காளான் தயாரிக்கும் பெரிய தொழிற்சாலைகளில் குளிர்சாதனம் இருக்கிறதே என்பார் உங்கள் வீட்டுக்காரர். அங்கே வெளிக்காற்றை வடிகட்டிக் கொண்டுவரத் தனிக் குழாய்களும், ஈரம் ஏற்றத் தனிக் கருவியும் இருக்கின்றன. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், நம் சேலம் 280 மீட்டருக்கும் கீழே. மலைக்கு ஏற்ற காளானை மாடிக்கு அழைத்துவந்து கடனாளியாவானேன்?

அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு: கோடையை எதிர்த்துச் சண்டை போடாமல் கோடைக்கு ஏற்ற காளானைப் போடுவது. இந்த ஊர் வெயிலுக்கென்றே பிறந்தது போல் ஒன்று இருக்கிறது, பால் காளான். வங்காளத்துச் சூட்டில் இயற்கையாக வளர்ந்ததைக் கல்கத்தா விஞ்ஞானிகள் 1970-களில் அடையாளம் கண்டு எழுதினார்கள். நம் வேளாண்மைப் பல்கலைக் கழகம் அதை வளர்க்கும் முறையை வகுத்து, 1998-ல் ஏ.பி.கே. 2 என்ற ரகமாக வெளியிட்டது. அருப்புக்கோட்டையின் பெயர்தான் அந்த மூன்று எழுத்து. இதற்கு வேண்டியது 30 முதல் 35 டிகிரி! சுண்ணாம்பும் கீற்றும் ஈரச் சாக்கும் சேர்ந்தால் உங்கள் அறை எட்டிப் பிடிக்கக்கூடிய எண் இது. (கோயம்புத்தூரில் 1943-லேயே வைக்கோல் காளான் வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள், அதுவும் வெயில் தாங்கும் ஜாதிதான். ஆனால் பறித்த சில மணி நேரத்தில் வாடிவிடும் என்பதால் விற்பனைக்குத் தொந்தரவு.) பால் காளானோ நல்ல கெட்டி, ஒரு நாள் விற்காமல் போனாலும் மனம் பதற வேண்டாம்.

வேலை கொஞ்சம் கூடுதல். இழை பரவிய படுக்கையைக் குறுக்கே இரண்டாக வெட்டி, ஆவியில் வேக வைத்து ஆறிய மண்ணை மேலே இரண்டு சென்டிமீட்டர் போட வேண்டும். சிப்பியைவிட வெளிச்சமும் அதிகம் கேட்கும். அதனால்தான் இதற்கு நீலநிறத் தார்ப்பாய்க் கூரை போடச் சொல்கிறார்கள். உங்கள் அறையில் கிழக்கு ஜன்னலும் ஒரு விளக்கும் இருந்தால் பரீட்சை பார்க்கலாம். மார்ச் முதல் பால் காளான், மழை ஓய்ந்து குளிர் தட்டும்போது மறுபடி சிப்பி என்று பயிர் மாற்றிக்கொள்ளுங்கள். புதிதாகக் கடன் வாங்க வேண்டாம். பத்தே பத்துப் படுக்கை போட்டு, அதன் வருமானத்தில் அடுத்த பத்து. சந்தியூரில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்திலும் நாமக்கல்லில் இருக்கும் நிலையத்திலும் காளான் பயிற்சி அவ்வப்போது நடக்கிறது. நீங்கள் முன்பு கற்றது சிப்பிக்கு மட்டும் என்றால் மறுபடி ஒரு நாள் போய்வாருங்கள்.

பச்சைப் பூசணத்துக்கு உஷ்ணம் பாதிக் காரணம் என்றால், வைக்கோலைச் சரியாக வேகவைக்காதது மற்றப் பாதி. விறகுக்கோ காஸுக்கோ சிக்கனம் பார்த்து அரை மணியில் இறக்கிவிடாதீர்கள். கொதிநீரில் முழுசாக ஒரு மணி நேரம். பிறகு நிழலில் உலர்த்தி, கையில் எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டாமல், கை மட்டும் ஈரமாகும் பதம்.

இப்போது மாமியார் விஷயம். சிப்பிக் காளான் முற்றினால் கண்ணுக்குத் தெரியாத வித்துத் தூளை லட்சக்கணக்கில் உதிர்க்கும். மேஜைமேல் வெள்ளை மாவு படிந்ததுபோல் தெரிவது அதுதான். அடைத்த அறையில் இது சேரச் சேர, சுவாசிப்பவர்களுக்கு இருமல், மூச்சுத் திணறல், சாயந்தரம் ஜுரம்போல் உடம்பு வலி எல்லாம் வரும். காளான் பண்ணைத் தொழிலாளர்களுக்கு வருகிற நுரையீரல் உபாதைக்கு வைத்திய சாஸ்திரத்தில் தனிப் பெயரே இருக்கிறது. உங்கள் அறைக் கதவு மாடிப்படியில் திறக்கிறது, படி கூடத்தில் இறங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஜன்னலை அடைத்த பிறகு அந்தத் தூளுக்கு வேறு எங்கே வழி? நேரே அத்தை உட்காரும் இடத்துக்குத்தான்! வெளியேற்று விசிறி வெளிப்பக்கம் தள்ளட்டும். படிக்கதவு எப்போதும் சாத்தியிருக்கட்டும். தலையின் ஓரம் மேல்நோக்கிச் சுருளுமுன் பறித்துவிடுங்கள். எடைக்காக இன்னொரு நாள் விட்டுவைக்க வேண்டாம். உள்ளே போவதற்குப் பத்து நிமிஷம் முன்பு விசிறியைப் போடுங்கள். மூக்கையும் வாயையும் முகக் கவசத்தால் மூடிக்கொள்ளுங்கள். ஆஸ்துமாக்காரர்களும் குழந்தைகளும் உள்ளே போகவே கூடாது. அத்தையை மட்டும் இந்த வாரமே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். வீட்டில் காளான் வளர்க்கிறோம் என்பதை மறைக்காமல் முதலிலேயே சொல்லுங்கள். இல்லையென்றால் அவர் சாதாரண இருமல் மருந்து எழுதி அனுப்பிவிடுவார்.

பூசணம் பிடித்த படுக்கைகளை என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அறைக்குள் பிரித்து உதறாதீர்கள். ஒவ்வொன்றையும் பெரிய பையில் போட்டு வாய் கட்டி, கீழே கொண்டுபோய், அறையிலிருந்து தூரமாகக் குழியில் போட்டு மண் தள்ளிவிடுங்கள். அறையைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் கழுவி, எல்லா ஜன்னலையும் திறந்து ஒரு வாரம் வெறுமனே காயப்போடுங்கள். மூன்று அறுவடை முடிந்த நல்ல படுக்கைகளின் வைக்கோல் இருந்தால் அதை எறிய வேண்டாம். மக்கவைத்து மல்லிகைத் தொட்டிகளுக்குப் போடலாம்.